புலிக்கூண்டில் அசனக்கிடா

நாசரேத் இரும்புக்கடை தேவபிரசாதம் அண்ணாச்சி, ஆண்டவரிடத்திலும் அட்வான்ஸ் கொடுத்தே வியாபாரம் பேசுகிறவர். மகன் ஸ்டெபின் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஆறு வருஷமாக அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கவர்மென்ட் வேலை கிடைத்தால் சபை அசன விருந்துக்கு ஒரு கிடா என்று அண்ணாச்சி நேர்ந்திருந்தார். வேலை கிடைத்த பிறகு கிடா கொடுப்பது உலக வழக்கம். அண்ணாச்சி முன்கூட்டியே கொடுத்து, காரியத்தைத் துரிதப்படுத்தத் தீர்மானித்தார். போன ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயரும் அதைச் சபையில் வாசித்துவிட்டார். நாளைக்கு அசனம். கிடா வராவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

குடும்பத்தோடு காரில் எட்டயபுரம் சந்தைக்குப் போனார்கள். முன்பெல்லாம் ஆடு வாங்கப் போவதற்கு, ஆடு வாங்கப் போவது என்றே பெயர். இப்போது அது ரோட் ட்ரிப். அண்ணாச்சியின் மனைவி ஜெயஷீலா கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வழியெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டாள். கிடாவை வாங்கி டிக்கியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது மயில் ஒன்று குறுக்கே ஓட, அண்ணாச்சி எரிச்சலோடு ஹாரன் அடித்தார்.

"தூத்துக்குடியில புதுசா ஜூ திறந்திருக்காவளாம். மயிலெல்லாம் இருக்காம். பாத்துட்டுப் போவமா?" என்றாள் ஜெயஷீலா.

பூங்கா வாசலில் காவலாளி மாரிச்செல்வம் காரை மறித்தார்.

"உள்ள என்ன கத்துது?"

"கிடா."

"விலங்கு பார்க்கிங்ல நிக்கக் கூடாது அண்ணாச்சி. கூண்டுலதான் நிக்கணும். ரூல்ஸ்."

"கூண்டுக்கு நான் எங்க போவேன்?"

"இங்கன கூண்டுக்கு என்ன பஞ்சம்? மிருகத்துக்குத்தான் பஞ்சம்."

உண்மைதான். ரிப்பன் வெட்ட நல்ல நாள் கிடைத்துவிட்டது, சிங்கத்துக்கு டெண்டர் முடியவில்லை. கூண்டுகளில் 'சிங்கம் – விரைவில்', 'கரடி – விரைவில்' என்று பலகைகள் தொங்கின. மயில் கூண்டும் காலி. அதன் கூரைமேல் நாலு மயில்கள் உட்கார்ந்திருந்தன.

"அதையே பிடிச்சு உள்ள விடலாமே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அது வெளி மயிலு. கணக்குல வராது."

கிடா புலிக்கூண்டுக்குள் போயிற்று. சிறிது நேரத்தில் அங்கே கூட்டம் கூடிவிட்டது. டிக்கெட் எடுத்து உள்ளே வந்த ஜனங்கள் கண்ட முதல் மிருகம் அல்லவா! தெருவில் ஆடு குறுக்கே வந்தால் ஏசுகிறவர்களெல்லாம் "செல்லம், இங்கன பாரு" என்று கொஞ்சினார்கள். ஜெயஷீலாவும் கம்பிக்கு வெளியே நின்று, தன் கிடாவோடு தானே செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கென்று சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி வந்திருந்தார். கிடாவைப் பார்த்து, பூங்காவின் வளர்ச்சி திருப்திகரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணாச்சி கிடாவைக் கேட்டுப் போனபோது, கண்காணிப்பாளர் சிவனணைந்தபெருமாள் கூண்டில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்: 'உள்நாட்டுச் சிறுகொம்புப் பாலூட்டி.'

"சார், ஆட்ட அவுத்து விடுங்க. நாளைக்கு அசனம்."

"ஆடா? இங்கன ஆடே கிடையாதே. இது அரசு விலங்கு."

"காலையிலதானய்யா சந்தையில வாங்கினேன்!"

"காலையில ஆடுதான். மத்தியானம் பணியில சேந்தாச்சு. மேலிடத்துக்கும் தகவல் போயாச்சு."

"திருப்பித் தர என்ன செய்யணும்?"

"உள்ள வாரதுக்கு ஒரு ரூல்ஸும் இல்ல. வெளிய போகணும்னா டெல்லி உத்தரவு வேணும். இல்லன்னா ஓய்வு வயசு வரணும்."

"ஆட்டுக்கு ஓய்வு வயசு எது?"

"அதத் தீர்மானிக்கக் கமிட்டி போடப் போறோம்."

"நாளைக்குச் சபையில நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?" என்று கத்தினார் அண்ணாச்சி. சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது.

கண்காணிப்பாளர் அவரைத் தட்டிக் கொடுத்தார். "சந்தோசப்படுங்க அண்ணாச்சி. மூணு வேளச் சாப்பாடு, மாசாமாசம் டாக்டர், தனி குவார்ட்டர்ஸ். ஒருத்தன் கத்தியத் தூக்கிட்டு வர முடியுமா? எல்லாம் பெர்மனென்ட்!"

ஆறு வருஷமாக அண்ணாச்சி முழங்காலில் நின்று கேட்ட வார்த்தை அது. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டுவிட்டார், வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆள்தான் மாறிப்போயிற்று.

அதுவரை மர நிழலில் பொது அறிவு படித்துக்கொண்டிருந்த ஸ்டெபின் எழுந்து வந்தான்.

"சார், இது பரீட்சை எதுவும் எழுதிச்சா?"

"இல்ல தம்பி. நேரடி நியமனம்."

ஸ்டெபின் கிடாவைப் பார்த்தான். அது அசைபோட்டுக்கொண்டே அவனைப் பார்த்தது. பிறகு அவன் பக்கத்துக் கூண்டைப் பார்த்தான்.

"அந்தச் சிங்கம் போஸ்ட் இன்னும் காலியாத்தான் இருக்கா சார்?"

"ஏலே!" என்று அதட்டினார் அண்ணாச்சி. அதட்டிவிட்டு, கண்காணிப்பாளர் பக்கம் லேசாகக் குனிந்து, "பென்சன் உண்டுமா சார்?" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பதிலுக்காக எல்லாரும் கம்பியோரம் நெருங்கி வந்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

"கரடிக்கு என்ன படிப்பு கேக்காவ?"