ஐம்பதாவது படிவம்

உலகத்தைக் காப்பாற்றிவிடுவது என்று கல்லூரி ஆசிரியர் திடமாக முடிவெடுத்தபோது காலை மணி ஏழு. குப்பை வண்டி தெருமுனைக்கு வந்து, மணியடித்து, போயே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆகவே உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் முன், வழக்கம்போல் குளியலறைக்குப் பின்னால் போனார். மதிலோரம் அன்றைய குப்பையைக் குவித்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

அவர் நடத்துவது சுற்றுச்சூழலியல். காற்று மாசு பற்றி மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். கேட்பவர்களும் மூச்சு விட முடியாது. ஆனால் விடியற்காலை ஆறு மணி என்று ஒன்று இருப்பதை அவர் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

"ஏங்க, குழந்தை இருமுது," என்றாள் மனைவி, ஜன்னலைச் சாத்தியபடி.

"சளி."

"டாக்டர் என்ன சொன்னார்? புகையே படக்கூடாதுன்னார்ல?"

"வீட்ல யாராவது புகை பிடிப்பீங்களான்னு கேட்டார். எங்க பரம்பரையிலேயே கிடையாதுன்னேன். உண்மைதானே?"

"அப்ப இது?"

"இது ஒரு கைப்பிடிப் புகைம்மா. உலகத்துல தொழிற்சாலைகள் விடற புகையில இது எத்தனை கோடியில ஒரு பங்கு தெரியுமா?"

"உலகத்துக்கு நெஞ்சு பெரிசுங்க. இவளுக்கு இத்துனூண்டு."

பதினோரு மாதக் குழந்தை. ராத்திரியானால் அதன் நெஞ்சில் விசில் அடிக்கும். மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தே விடிய வைப்பாள். அவருக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடத் தூக்கம் ஒரு பிடி தூக்கலாக இருந்தது.

நல்லவேளை, புகை மதிலைத் தாண்டிப் பின்னாலிருந்த மரப்பட்டறைக்குள் போய், அங்கிருந்துதான் தெருவுக்கு வரும். தெரு மொத்தமும் தச்சரைத் திட்டியது. ஆசிரியரும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு வார்த்தை திட்டி வைத்திருந்தார்.

உலகத்தைக் காப்பாற்றும் திட்டம் இதுதான். தெருவில் ஐம்பது வீடு. வீட்டுக்கு ஒரு கேள்விப் படிவம். பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். அப்போதுதான் ஜனங்கள் உண்மை எழுதுவார்கள். நிரப்பி, மடித்து, அட்டைப்பெட்டியில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்து, படித்து, விழிப்புணர்வு உரை ஆற்றி, கைத்தட்டு வாங்க வேண்டும்.

சனிக்கிழமைக்குள் பெட்டியில் நாற்பத்தொன்பது படிவம் விழுந்துவிட்டது. ஐம்பதாவதை மனைவியிடம் நீட்டினார்.

"நானா?"

"வீட்டை நடத்தறவங்கதான் எழுதணும்னு கீழே அச்சடிச்சிருக்கேன்ல."

"பொய் எழுதினா என்ன ஆகும்?"

"ஆராய்ச்சியே பாழ்!"

"ஐயோ, அது கூடாது," என்றாள் அவள். கான்வென்ட்டில் படித்தவள், முத்து முத்தாக எழுதினாள். அவர் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

கூட்டத்துக்குத் தெருவே வந்திருந்தது. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். அவர் ஊதினால்தான் கூட்டமே கிளம்பும். ஊதினார். ஆசிரியர் பெட்டியைத் திறந்தார்.

"வீட்டில் குப்பையை எரிப்பதுண்டா? இல்லை... இல்லை... இல்லை..."

நாற்பத்தொன்பது இல்லை. ஐம்பதாவதைப் பிரித்தார். முத்து முத்தான எழுத்து. அவசரமாக அதை மறுபடி மடிக்கப் பார்த்தார்.

"என்ன சார், வண்டி நின்னுடுச்சு?" தலைவர் படிவத்தை அவர் கையிலிருந்து உருவி, ரயில் வருகையை அறிவிக்கிற குரலில் படித்தார். "எரிப்பதுண்டா? உண்டு. எப்போது? தினமும் காலை ஏழு மணி. எதை? பால் பாக்கெட், பிளாஸ்டிக் பை, அறுந்த செருப்பு. இதனால் யாருக்காவது உடல்நலக் கேடு உண்டா?" தலைவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு குழந்தைக்கு. மூச்சு விடக் கஷ்டப்படுகிறது. அதன் அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது."

தெருவில் ஐந்தாறு வீட்டில் கைக்குழந்தை உண்டு. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஆசிரியர் தரையைப் பார்த்தார்.

"இத்தனை நாளா என்னைத் திட்டினீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்று எழுந்தார் தச்சர்.

"எந்தப் படுபாவி அவன்?" என்று நாலாபக்கமும் குரல் கிளம்பியது. "கதவு நம்பர் கேட்காம விட்டுட்டீங்களே சார்!" என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நம்பரைக் கேட்காமல் விட்ட தன் புத்திக்கு ஆசிரியர் மனசுக்குள் மாலையே போட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, இடுப்பில் குழந்தையோடு அவர் மனைவி எழுந்தாள்.

"அண்ணே, ஆளைத் தேடி என்ன பண்ணப் போறோம்? எங்க வீட்டுக்காரர் இந்தப் படிப்பே படிச்சவர். தினம் காலைல ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் தெருமுனையில அவரைக் காவலுக்கு நிறுத்துங்க. அவர் அங்க நிக்கிற வரைக்கும் தெருவுல ஒரு புகை கிளம்பாது. அதுக்கு நான் உத்தரவாதம்."

கைத்தட்டு கூரையைப் பிளந்தது. தலைவர் விசிலைக் கழற்றி ஆசிரியர் கழுத்தில் மாட்டினார். கைத்தட்டு வாங்கத்தானே வந்தார்? வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அவர் போர்வை பறந்தது. வாசலில் இரண்டு வாளி. ஒன்று மக்குகிற குப்பை, ஒன்று மக்காத குப்பை.

"இது எதுக்கு?"

"முனைக்குத்தானே போறீங்க? வண்டியும் அங்கதான் வருது."

முதல் வாரம் நின்றுகொண்டே தூங்கினார். இரண்டாம் வாரம் வண்டிக்காரர் இவரைக் கண்டால் தலையசைக்க ஆரம்பித்தார். மூன்றாம் வாரம் ஒரு காலை, காவல் முடிந்து வீடு திரும்பினால், குழந்தையை அணைத்தபடி மனைவி கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் படுத்துத் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவர் குனிந்து குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தார். விசில் இல்லை. இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். இல்லவே இல்லை. மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அவரிடமிருந்து புஸ்ஸென்று வெளியே வந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே தலைவரிடம் ஓடினார். "சார், புகையே நின்னுபோச்சு. அவன் திருந்திட்டான். காவலை எடுத்துடலாமே?"

"நல்லாயிருக்கே கதை! நீங்க நகர்ந்தா மறுநாளே கொளுத்துவான். ஆள் பிடிபடற வரைக்கும் நீங்கதான் சார்."

வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "ஆள் பிடிபடற வரைக்குமாம்! அவன் என்னைக்குப் பிடிபடறது?"

"அவசரம்னா சொல்லுங்க," என்றாள் மனைவி, குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே. "இன்னைக்கே பிடிச்சுக் குடுத்துடறேன்."

அன்று இரவு, யாரும் சொல்லாமலே, ஆசிரியர் ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுத்தார்.