மின்சாரத் திருடனுக்காக வெட்டிய குழி

மதிப்பிற்குரிய மைத்துனர் அம்போஃபோ அவர்களுக்கு,

குமாசியிலிருந்து பெடியாக்கோ எழுதிக்கொள்வது. உங்கள் தங்கையும் பிள்ளைகளும் நலம். நான் நலமில்லை. காரணம், நீங்கள் அனுப்பிவைத்த இன்ஜினியர் பெண் டுஃபி.

என் மர அறுவை மில்லில் யாரோ மின்சாரம் திருடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? பெரிய ரம்பம் ஓடினால் மரம் உலர்த்தும் அறைக்குக் கரண்டு போதவில்லை, அதனால் அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரை வீட்டில் உட்கார வைத்துவிட்டேன், அவர்கள் மனைவிமார் தேவாலயத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருடுவது பக்கத்தில் சோளம் அரைக்கும் சேவாதான் என்று எனக்குச் சந்தேகம், மண்ணுக்கடியில் ஒயர் போகிறதா என்று அவள் வாசல்வரை குழி வெட்டினேன், ஒயர் கிடைக்கவில்லை, தண்ணீர்க் குழாய்தான் உடைந்தது. "என்னய்யா, என் வாசல்ல மீன் வளக்கப் போறியா?" என்று தெருவே கூடும்படி கத்தினாள். குற்றமில்லாதவள் இவ்வளவு கத்துவாளா, நீங்களே சொல்லுங்கள்.

டுஃபி வந்தாள். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், "திருடன் உள்ளேதான் இருக்கான் ஐயா" என்றாள். உடனே கேட்டைப் பூட்டி எல்லாருடைய பைகளையும் சோதித்தேன்.

"ஐயோ, ஆளைச் சொல்லல! ரம்பம் மழுங்கிப் போச்சு. பெல்ட் தொளதொளன்னு வழுக்குது. கட்டை வர்ற வரைக்கும் எல்லாம் சும்மாவே சுத்துது. தூள் உறிஞ்சுற மெஷின் பாருங்க, நின்னு கிடக்குற மெஷின்லேர்ந்தும் காத்தை இழுத்துட்டிருக்கு."

ரம்பத்தைத் தீட்ட வைத்தாள், பெல்ட்டை இறுக்கினாள், தூள் குழாய்களுக்கு மூடி போட்டாள், கட்டை இல்லாதபோது மோட்டார்களை நிறுத்தச் சொன்னாள். மில்லில் பாதிச் சத்தம் போயிற்று. நான் நொடித்துப்போய்விட்டேன் என்று சந்தையில் பேச்சு, பாதிரியார் மூப்பர்களோடு வந்து என் தலையில் கை வைத்து ஜெபித்தார், உங்கள் தங்கை அவர்களுக்கு ஃபுஃபு உருண்டையும் ஆட்டுச் சூப்பும் பரிமாறினாள். ஓடுகிற மில்லை ஊமையாக்குகிறவளை எப்படி நம்புவது? அவள் அந்தப் பக்கம் போனதும் பெரிய ரம்பத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே எதையாவது வைத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓடவிடுகிறேன். தினமும் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறாள்!

ஆகவே இக்கடிதம் கண்டதும் அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் சிரிப்பும் அணையாதிருக்க ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
பெடியாக்கோ

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மில்லிலிருந்து ஒரே ஆரவாரம். ஓடிப்போய்ப் பார்த்தால் ரம்பமும் ஓடுகிறது, அவள் மிச்சம் பிடித்த கரண்டில் உலர்த்தும் அறையும் ஓடுகிறது! வீட்டில் இருக்கும் ஆட்கள் அத்தனை பேரையும் வரச் சொல்லிவிட்டேன். சேவாவின் குழாயைச் சரிசெய்யவும் ஆள் போயிருக்கிறான். டுஃபியைத் திரும்ப அழைக்கவே வேண்டாம். "இன்னும் ஏதாவது விரயமாகுதாம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு ஐயா. பெரிய ரம்பம் நின்னு கிளம்புறப்ப எல்லாம் கரண்டை அள்ளிக் குடிக்கும். யாரோ தினமும் அதை நிறுத்தி நிறுத்திக் கிளப்புறாங்க. யாருன்னுதான் தெரியல" என்றாள்.

கண்டுபிடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.