மண்வெட்டி வாங்கிய மாப்பிள்ளைக்கு

காஜா பேராங், மலாக்கா
12.10.1958

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை ராஜரத்தினம் அவர்களுக்கு மாமன் அப்பாசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பேத்தி ருக்மணியும் மாரியம்மன் தயவில் நலம். அங்கே செகாமட் தோட்டத்தில் நீங்களும் என் மகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இதுவரை பிறர் கையால் எழுதி அனுப்பினேன். இது என் கை. எழுத்து சாய்ந்திருந்தால் தாளைச் சாய்த்துப் பிடித்து வாசிக்கவும்.

விஷயத்துக்கு வர மனம் கூசுகிறது. தீபாவளிக்குள் ருக்மணி வாசிக்காவிட்டால் படிப்பை நிறுத்திப் புல் வெட்ட அனுப்புவேன் என்றும், அதற்குச் சின்ன மண்வெட்டி ஒன்று வாங்கிவிட்டேன் என்றும் சொல்லிப் போனீர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் திக்கித் திக்கி வாசிக்க, மற்றப் பிள்ளைகள் சிரிக்க, அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். கோயில் மண்டபத்தில் மாலையில் நடக்கும் முதியோர் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஒன்றும் தெரியாத கிழடுகள் நடுவில் என்ன வெட்கம் என்று நினைத்தேன். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். அங்கேதான் காரியம் கெட்டது.

மாணிக்கவாசகம் வாத்தியார் பலகையில் எழுதிவிட்டு, "ருக்மணி, நீ சொல்லும்மா" என்பார். பிள்ளை முதல் எழுத்திலேயே நிற்கும். உடனே அப்பம் விற்கும் நாகம்மா, "குடம்னு போட்டிருக்கு கண்ணு, சொல்லிடு" என்பாள்.

"நான் பிள்ளையக் கேட்டேன், நாகம்மா."

"பிள்ளை முழிக்குதே சார். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா?"

அவள் விட்டால் நான் சொல்வேன். முன்பு செங் என்ற ஊரிலிருந்து ஆற்றங்கரைக் கிடங்குக்கு நாங்கள் வரிசையாக மாட்டு வண்டி ஓட்டுவோம். முன் வண்டிக்காரன் விழித்திருந்தால் போதும், மற்றவர்கள் தூங்கலாம், மாடுகள் அந்த வண்டி விளக்கைப் பார்த்துப் பின்னால் வந்துவிடும். வகுப்பில் நாங்கள் எல்லாரும் முன் வண்டி ஆகிவிட்டோம். பின் வண்டியில் பிள்ளை தூங்கிவிட்டது.

போன வாரம் வாத்தியார் எங்களை வாய் பொத்தச் சொல்லிவிட்டு அவளைத் தனியாக எழுப்பினார். நாகம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் தேங்காய் துருவுவது போலக் காட்டினாள். பிள்ளை "தேங்காய்" என்றது. பலகையில் இருந்தது வாழை.

எனக்கோ, அவளுக்குச் சொல்லிச் சொல்லியே எழுத்து வந்துவிட்டது. கச்சான் கடலை சுற்றி வந்த தாளைக்கூட விடுவதில்லை. அதில் முன்பின் தெரியாத ஒருவரின் மரண அறிவிப்பை முழுதாக வாசித்துவிட்டுச் சந்தோஷத்தில் சிரித்தேன். ருக்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை மடித்துவிட்டேன். அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழிமறித்து என் வீட்டில் உட்கார வைத்துக்கொண்டது போல இருந்தது.

ஆகவே மாப்பிள்ளை, ருக்மணிக்கு வாசிக்க வரவில்லை. அவள் மேல் குற்றமில்லை. வந்து அழைத்துப் போங்கள். மண்வெட்டிக் காம்பு கையைக் கிழிக்காமல் துணி சுற்றிக் கொடுங்கள்.

மகளுக்கு என் ஆசீர்வாதம். தோட்டத்து லயத்து வீடுகளில் என்னை விசாரிக்கிறவர்களுக்கும், விசாரிக்காதவர்களுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும்
அப்பாசாமி

பி.கு.: உறை ஒட்ட வீட்டில் பசை இல்லை. கடையில் ஒட்டித் தபால் பெட்டியில் போடும்படி ருக்மணியை அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் கடிதத்தோடு திரும்பி வந்தாள்.

"ஏம்மா போடல?"

"எனக்கு வாசிக்க வரலன்னு எழுதியிருக்கீங்க, தாத்தா. நாகம்மா பாட்டி தேங்கா துருவினத வேற எழுதியிருக்கீங்க. தெரிஞ்சா பாட்டி இனிமே அப்பம் தராது."

"யாரு வாசிச்சுக் காட்டினா?"

"பெட்டிகிட்ட யாருமே இல்ல தாத்தா. நானேதான் வாசிக்க வேண்டியதாப் போச்சு. அதுக்குள்ள தபால் வண்டி போயிடுச்சு."

இந்தக் கடிதத்தைக் கிழித்திருக்க வேண்டும். என் கையால் எழுதிய முதல் கடிதம், மனம் வரவில்லை. ஆகவே மேலே உள்ளதை வாசிக்கவும், நம்ப வேண்டாம். மண்வெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடவும்.