தீர்மானத்தாரின் நெஞ்சுக்கு ஒரு வாக்கெடுப்பு

தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா என்று வாக்கெடுப்பு நடத்திய ஒரே தமிழன் மொன்றியலில் எங்கள் தீர்மானத்தார்தான். இல்லை என்கிறவர் இருந்தால் வரட்டும், பார்ப்போம்!

இரண்டாயிரத்தின் தொடக்க வருசங்களில் மொன்றியலின் ஓரத்துக் கர்க்லாண்டில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. நான் சைவக்காரன், அவர் வட்டுக்கோட்டை வேதக்காரர். அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த பாதிரிமாரின் சபையில் பிறந்தவர். "எங்கட கொங்கிரகேஷனல் சபையிலை பிஷப்பும் இல்லை, போப்பும் இல்லை. சனம் கை தூக்கினால்தான் சட்டம்!" என்பார்.

அந்தச் சபையின் பழைய தேவாலயங்கள் இந்த நகரத்தில் எங்கெங்கே இருந்தன என்று தேடுவதுதான் மனுசனுக்கு வேலை. சனிக்கிழமை விடிந்தால் என் காரில் ஏறிவிடுவார். பல்கலைக்கழகத்தைச் சுற்றித் தெருத் தெருவாக அலைய வேண்டும். ஒன்று கொண்டோ வீடுகளாகிவிட்டது. இன்னொன்று சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி. அதற்குள் விறுவிறென்று புகுந்து, "பிரசங்க மேடை இஞ்சைதான் இருந்தது" என்று தமிழிலேயே விளக்கத் தொடங்கினார். பிள்ளைகள் கைதட்டின. அங்கே வேலை செய்த பெண் பொலிசுக்குப் போன் எடுக்கப் போனா. எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் கொட்டி மன்னிப்புக் கேட்டு இழுத்து வந்தேன். காருக்குள் இருந்துகொண்டு, "அந்தப் பொம்பிளைப் பிள்ளை ஏன் தம்பி பயந்தவ?" என்று கேட்கிறார்!

வாடகை மண்டபத்தில் கூடும் அவருடைய தமிழ்ச் சபையில் யன்னல் திறக்கவும் தீர்மானம் போட்டுக் கை தூக்க வேண்டும்; தீர்மானத்தார் என்ற பட்டம் அதனால் வந்ததுதான். யாரைப் பற்றிய தீர்மானமோ, அவர் வெளியே போய் நிற்க வேண்டும். பழைய விதியாம்.

பேந்து ஒரு குளிர்காலம் அவருக்கு நெஞ்சுக்குள் அடைப்பு. உடனே ஒப்பரேசன் செய்யாவிட்டால் ஆள் தப்பாது என்றார் டொக்டர். இவர் கையெழுத்துப் போட மாட்டாராம்.

"சபை தீர்மானிக்கட்டும்."

"அண்ணை, இது உங்கட நெஞ்சு! சபையின்ர நெஞ்சே?"

"நான் சபையின்ர ஆள்தானே, தம்பி."

சொல்லிவிட்டுக் கடுதாசியை என் பக்கம் தள்ளிவிட்டார். பெண்சாதி செத்து, பிள்ளைகளும் இல்லாத மனுசன். தனியே முடிவெடுக்கப் பயந்துபோனார் என்பது மரமண்டை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப்போனேன். விதிப்படி அவர் வெளியே பனிக்குள் நின்றார். உள்ளே ஒருவரும் யோசிக்கவில்லை, ஒப்பரேசன் செய்யட்டும் என்று எல்லாக் கையும் மேலே. எனக்கும் பொறுக்கவில்லை. பின்வரிசை வாங்கிலிருந்து நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

கூப்பிட்டதும் தலையில் பனியோடு உள்ளே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒவ்வொரு கையாக எண்ணினார். இருபது. என்னிடம் வந்ததும் நின்றார்.

"நீர் சபையிலை இல்லை. உம்மட கை செல்லாது, தம்பி. இறக்கும்."

"தெரியும் அண்ணை. ஆனால் இறங்க மாட்டன் எண்டுது."

கண்ணாடியைக் கழற்றி இன்னொருக்கால் துடைத்துப் போட்டார்.

"இருபத்தொண்டு" என்றார்.

ஒப்பரேசன் சரிவந்தது. ஒருநாளும் விதி மீறாத அந்த மனுசன் என்னையும் சேர்த்து எண்ணினாரே, எனக்கு அது போதும்.