முதல் டிசம்பர் மீன் வந்துசேராததற்கான விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஹிசானோ அம்மையாருக்கு,

கினுகோ வணக்கத்துடன் எழுதுவது. கடிதத்தை வானிலையில் தொடங்குவதே நமக்குள் மரியாதை. கடல் கறுத்துவிட்டது, பனி தூவுகிறது, தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன் என்றெல்லாம் எழுதிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்திருப்பேன். இம்முறை வானிலையே குற்றவாளி என்பதால் மரியாதையையும் விஷயத்தையும் ஒரே வாக்கியத்தில் முடிக்கிறேன்: இடி இடித்தது, தங்களுக்கு மீன் வராது.

திருமணமான முதல் டிசம்பரில் பெண் வீட்டார் ஒரு முழுப் புரி மீனை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதும், மாப்பிள்ளை வீட்டார் அதில் பாதியை வெட்டித் திருப்பி அனுப்புவதும் இந்தக் கடற்கரையில் ஒருவருக்கொருவர் சொல்லித்தர வேண்டாதவை. வளர வளரப் பெயர் மாறும் மீன். மாப்பிள்ளையும் அப்படியே பதவி பதவியாக உயரட்டும் என்பது கருத்து. தங்கள் மகனை அவருடைய நாற்காலியிலிருந்து கிளப்ப ஒரு மீன் போதுமா என்பது வேறு கேள்வி. என் கவலை அவரைப் பற்றியதன்று. புத்தாண்டு விருந்தில் தங்கள் நாத்தனார்கள் வரிசையாக அமர்ந்து, மீன் வராத வீட்டுப் பெண் என்று என் மகள் மதோகாவைப் பார்க்கப்போகும் பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத பெண் அவள். அவளுக்கு ஆதரவாகப் பேச அந்த வீட்டில் ஒரு மீனாவது இருந்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். திருமண விருந்தில் என் கணவர் கென்சாகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். "என் பொண்ணுக்குக் கடை மீனா? நானே கரையில நின்னு, என் கையால பிடிச்சு அனுப்புறேன், பாருங்க!" என்றார். தாங்களும் கைதட்டினீர்கள். குறையாகச் சொல்லவில்லை, பதிவு செய்கிறேன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவர் அந்தக் கரையில் பிடித்தவை: தின்ன முடியாத விஷப் பேத்தை மீன்கள், ஏராளமான கடற்பாசி, ஒரு குடை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இடித்தது. மற்ற ஊர்களில் இடி கேட்டால் மனிதர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். டிசம்பர் இடி புரி மீனை எழுப்பிக் கரைக்கு விரட்டும் என்று நம்பும் நம் ஆண்கள் கடலை நோக்கி ஓடுவார்கள். இவரும் சோற்று உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு, "டீச்சர், கேட்டியா? மீன் எழுந்திருச்சாச்சு!" என்று கூவிக்கொண்டு, தன்னைப்போல் இரண்டரை மடங்கு உயரமுள்ள தூண்டிலைக் காரின் மேல் கட்டிப் புறப்பட்டார், நாற்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா, நானும் ஏறிக்கொண்டேன், கரையில் எங்களைத் தவிர ஒரு காக்கைகூட இல்லை, அதுவே போதுமான எச்சரிக்கை, ஆனால் அவர் "நல்லதாப் போச்சு, போட்டிக்கு ஆளே இல்ல" என்று தூண்டிலை வீசினார், வீசி முடிப்பதற்குள் வானம் இரண்டாகக் கிழிந்தது, ஆலங்கட்டி அரிசி கொட்டுவதுபோல் கொட்டிற்று, அந்த நேரம் பார்த்துத் தூண்டில் வளைந்தது.

"இழுக்குது! டீச்சர், பெருசு! மாப்பிள்ளை மீன்!"

"விடுங்க அதை! கார்பன் கம்புங்க, மின்சாரம் பாயும்!"

"ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கேன்ல?"

"மேகத்துலேருந்து இங்க வரைக்கும் காத்தைக் கிழிச்சுக்கிட்டு வர்ற மின்னலுக்கு உங்க பூட்ஸு எந்த மூலைக்கு? விடுறீங்களா இல்லையா?"

"விட்டா சம்பந்தி முகத்துல எப்படி முழிக்கிறது?"

"பொணமா முழிக்கப் போறீங்களா?"

அதன்பின் நடந்ததைக் கண்ணியமாக எழுத வழியில்லை. அவர் கையைக் கடித்தேன். தூண்டில் நழுவி மணலில் விழுந்து, மீனோ வேறெதுவோ இழுக்க இழுக்கத் தவழ்ந்து கடலுக்குள் போயிற்று. காருக்குள் போனால் உயிர் பிழைக்கலாம் என்று இழுத்து வந்தேன். கார்ச் சாவி தூண்டில் பெட்டியில், பெட்டி அலை விளிம்பில், அலை இப்போது பெட்டி இருந்த இடத்தையும் தாண்டி. ஆகவே மணல்மேட்டின் அடியிலிருந்த பள்ளத்தில், பாதங்களைச் சேர்த்து, தலையைக் குனிந்து, இரண்டு கிழங்கள் தனித்தனியே குத்தவைத்து உட்கார்ந்தோம். தனித்தனியே ஏன் என்றார். மின்னல் ஒருவரை எடுத்தால் மற்றவர் மதோகாவுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை. இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

புயல் ஓய்ந்ததும் நனைந்த கோலத்தில் நடந்தே மீன் கடைக்குப் போனேன். "ஐயோ டீச்சரம்மா, புயல்னு எந்தப் படகும் போகலையே! உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கிறதா இருந்தேன். ஐயாதான் போன மாசமே வந்து, வேணாம், நானே பிடிக்கிறேன்னு மார்தட்டிட்டுப் போனாரு" என்றாள் கடைக்காரி. அடுத்த நாளும் கடல் அடங்கவில்லை. இன்றும் இல்லை. சால்மன் இருக்கிறது, அனுப்பட்டுமா என்றாள். தங்கள் வீட்டுக்குப் புரிக்குப் பதிலாகச் சால்மனை அனுப்புவதும் விவாகரத்துப் பத்திரத்தை அனுப்புவதும் ஒன்றென்று அறியாதவளா நான்?

ஆகவே இந்த ஆண்டு மீன் இல்லை. ஊர் முழுக்க, முதல் டிசம்பர் மீனைக் கடலில் எறிந்தவள் நான் என்றே பேச்சு. தண்டனையை எனக்குத் தாருங்கள். பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள். தங்கள் இல்லத்தார் அனைவரும் குளிர் தாக்காமல் நலமுடன் புத்தாண்டைக் காண வேண்டுகிறேன்.

தலைகுனிந்து,
கினுகோ

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதும்போது கூரியர்க்காரர் மணியடித்தார். கனசாவாவிலிருந்து, தங்கள் வீட்டிலிருந்து, பனிக்கட்டியில் ஒரு பாதிப் புரி மீன், தலைப் பக்கம். மேலே தங்கள் கையெழுத்து: "சம்பந்தி ஐயா தூண்டிலில் பிடித்தது என்று மதோகா கொண்டுவந்து வைத்தாள். வாயில் கொக்கி பட்ட கீறல்கூட இல்லை. எத்தனை மென்மையான கை!"

தொலைபேசியில் மதோகாவைப் பிடித்தேன். "நவம்பர்லயே இங்க சந்தையில சொல்லி வச்சுட்டேம்மா. அப்பாவை எனக்குத் தெரியாதா? கடிச்சியாமே, காயம் ஆறிடுச்சா?" என்றாள். உப்பும் சர்க்கரையும் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மீன் இல்லை என்றதும் தண்டனை கேட்டதும் ரத்து. மீனின் வாயைத் திறந்து பார்த்த தங்களிடம் மறைத்துப் பயனில்லை என்பதால் கடிதத்தை மட்டும் கிழிக்காமல் அனுப்புகிறேன். நாத்தனார்களுக்குக் காட்ட வேண்டாம்.

கென்சாகு இப்போது மீன் தலைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். சற்றுமுன் பேசவும் செய்தார். "டீச்சர், நீ விட்டியே, அதே மீன்தான் இது. கனசாவா வரைக்கும் நீந்தியே போயிருக்கு."

நான் மறுக்கவில்லை. தாங்களும் மறுக்க வேண்டாம்.