எட்டு அங்குல அருவி

அம்மா மூன்றாவது முறையாகக் குளியலறைக் கதவைத் தட்டியபோது நான் அருவியின் பாதியில் இருந்தேன்.

"எவ்ளோ நேரம்டி? டேங்க்ல ஏதாவது மிச்சம் இருக்கா, இல்ல மொத்தத்தையும் நீயே ஊத்திக்கிட்டியா?"

தலைக்குக் குளிப்பதாகச் சொன்னேன். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவின் பெரிய குடையை விரித்து, அதற்கு அடியில் கேமராவோடு குப்புறப் படுத்திருந்தேன். எதிரே, பூந்தொட்டிகளிலிருந்து பொறுக்கிவந்த பதினேழு கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். அவற்றின்மேல் ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குழாய்க் கடையில் இருப்பதிலேயே பெரிய ஷவர், எட்டு அங்குலம். வேகத்தைக் குறைத்து எடுத்தால் நூறடி உயரத்திலிருந்து விழுவதுபோல் தெரியும் என்பது என் கணக்கு.

கணக்கில் தப்பில்லை. டேங்கில்தான் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அருவி மெலிந்து, நூலாகி, சொட்டி, நின்றது. மாடிக் குளியலறையில் முகம் முழுக்கச் சோப்போடு நின்ற அப்பா, குழாயைச் செய்தவனைத் திட்டுவது கேட்டது. அந்தக் குழாயும் எங்கள் கடைக் குழாய்தான்.

இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன். நாளைக் காலை ஐந்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்கப்போகிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. எந்தக் கம்பெனியிலும் சேராமல், தனி ஆளாக ஊர் ஊராகப் போய் மலை, காடு, ஏரி என்று வீடியோ எடுத்து சுற்றுலாக் கம்பெனிகளுக்குக் கொடுப்பவர். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். இந்தத் தடவை ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டிருந்தது. மலை உச்சியில் இருக்கும் ஓர் ஏரியை மூன்று நாள் தங்கிப் படம்பிடித்து, ஞாயிறு ராத்திரிக்குள் இரண்டு நிமிட வீடியோவாக அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க, பதினான்கு இடங்களும் அவருக்குத்தான். லீவு நாளில் வரும் இடங்களுக்கு என்னையும் உதவியாளாகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

பிடிக்காவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து அப்பாவின் கடை. அப்பா அவருக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார். மாமா முன்பு ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தவர்தான். வாஷ்பேசின் வாங்க வந்தவரிடம், 'இப்ப வெளிச்சம் சரியில்ல, சாயங்காலம் வந்து பாருங்க' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய புண்ணியவான். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மனுஷன் அப்படியே துருப்பிடித்துப்போவார்.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கேமரா கார்டுகளை ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கி வைப்பார். காலியான கார்டு நிமிர்ந்து இருக்கும், படம் எடுத்த கார்டு கவிழ்ந்து இருக்கும். கவிழ்ந்த கார்டைக் கடவுளே வந்தாலும் தொடக் கூடாது. நிமிர்ந்ததை எடுத்து, சுத்தமாக அழித்துவிட்டு, பழைய கேமராவில் போட்டு நான் பழகிக்கொள்ளலாம்.

மாமா சனிக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பெட்டியைத் திறந்தேன். எல்லாக் கார்டும் நிமிர்ந்து இருந்தன. ஒன்றை எடுத்தேன், அழித்தேன், கொடியில் காய்ந்த துணிகளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். அப்போது கூடத்தில் மாமா போனில் பேசுவது காதில் விழுந்தது.

"எல்லாம் பிரமாதமா வந்திருக்கு மேடம். நாலாம் நம்பர் கார்டுல பத்திரமா இருக்கு."

கேமராவைத் திறந்து பார்த்தேன். கார்டில் நாலு என்று எழுதியிருந்தது.

அம்மாவிடம் போய், கார்டுப் பெட்டியைத் தொட்டாயா என்று கேட்டேன்.

"தூசி தட்டினேன். நாலஞ்சு கவுந்து கெடந்துச்சு, நிமித்தி வெச்சேன். உங்க மாமனுக்கு எதையுமே ஒழுங்கா வெக்கத் தெரியாது."

மாமா, ஒரு நடை போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார். முகம் வயிற்றுவலிக்காரர் முகம் மாதிரி இருந்தது. மூன்று நாள் மலையில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அழிந்ததை மீட்டுத் தரும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கினேன். ஒன்றரை மணி நேரம் தேடி, பதினோரு விநாடிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதில் ஒரு மின்விசிறி சுற்றியது. ஓரத்தில் மாமாவின் கால் கட்டைவிரல். கேமராவை அணைக்க மறந்திருப்பார். ஏரி போனது போனதுதான்.

அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஏரியைச் செய்ய ஆரம்பித்தேன்.

துணி ஊறவைக்கும் டப்பில் கறுப்புக் குப்பைப் பையை விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். கெட்டிலைப் பக்கத்தில் கொதிக்கவிட்டேன், பனி வந்தது. ஆரஞ்சு நிற வாளிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன், சூரியன் உதித்தது. ட்ரைபாடைத் தேடினேன், காணவில்லை. வேதியியல், இயற்பியல், கணக்கு என்று மூன்று தடிப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்தேன். அந்தப் புத்தகங்கள் எனக்கு உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான். மலைச்சரிவுக்கு மொட்டை மாடி டேங்கின் பின்புறச் சுவர். அங்கே பாசி கனமாகப் படர்ந்திருக்கும். மூக்கு உரசுகிற தூரத்திலிருந்து எடுத்தால் அடர்ந்த காடு. அருவிக்கு எங்கே போனேன் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் செய்திருந்தேன்: எடுக்கும் முன்பே கேமராவின் தேதியைப் போன வெள்ளிக்கிழமைக்கு, அதிகாலை ஐந்து நாற்பத்தேழுக்குத் திருப்பி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் நாலாம் கார்டில் ஏற்றி, கவிழ்த்து, பெட்டியில் வைத்தேன்.

சாயங்காலம் மாமா வந்து கம்ப்யூட்டரில் கார்டைச் செருகினார். அவசரமே இல்லாமல், ஏதோ கடமைக்குச் செருகுகிற மாதிரி இருந்தது. திரையில் என் ஏரி விடிந்தது. மாமா நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குட்டி, இந்தக் கார்டை நீ தொட்டியா?"

"இல்லையே மாமா."

"நானும்..." என்று ஆரம்பித்தவர், இருமி, தண்ணீர் கேட்டார்.

கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வெயில்கூட அடிச்சிருக்கு என்று முணுமுணுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் எடுத்ததை நானே இப்பத்தான் முதல் தடவையா பாக்கற மாதிரி இருக்குடி."

கலைஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரியே வெட்டி ஒட்டி, இசை சேர்த்து அனுப்பிவிட்டார். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் கடைசித் தூக்கம்.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனியின் மேனேஜர் அம்மா போனில் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மாமா ஸ்பீக்கரில் போட்டார். அப்பாகூட கடைக்குக் கிளம்பாமல் நின்றார். ஏரி பிடித்திருந்தது, பனி பிடித்திருந்தது. எல்லாவற்றையும்விட, அருவி கண்முன்னாலேயே வற்றிப்போகிற காட்சியில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். இயற்கையை நாம் என்ன பாடுபடுத்துகிறோம் என்று அதைவிட அழகாக யாரும் சொல்ல முடியாதாம்.

"அதுக்காகத்தான் மேடம் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார் மாமா.

"அப்புறம் முப்பத்திரண்டாவது செகண்ட்ல, மலைமேல கறுப்பா ஒண்ணு நகருதே. அது என்னது?"

டேங்க் சுவரில் ஓர் எறும்பு. அதை நான் கவனிக்கவே இல்லை. மாமா திரையை நிறுத்திப் பார்த்தார். கறுப்பாக, மங்கலாக, கொழுகொழுவென்று ஏதோ ஒன்று காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மாமா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கரடி மேடம். மூச்சுவிடாம படுத்துக் கெடந்து எடுத்தேன்."

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நான் நினைத்தது இதுதான்: மாமா அங்கே நிஜமாகவே ஒரு கரடியைப் பார்த்திருக்கிறார். உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்திருக்கிறார். அதை நான் கொடியில் காய்ந்த பனியனுக்காக அழித்திருக்கிறேன்.

மேனேஜர் அம்மா அதோடு விடவில்லை. கரடி இருக்கிறதென்றால் விளம்பரத்தையே மாற்ற வேண்டும், வியாழக்கிழமை ஆட்களோடு வருகிறோம், நீங்கள் நின்று எடுத்த அதே இடத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், அங்கேயே வைத்து ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றார். மாமா சரி என்று சொன்னார். அப்பா முதல்முறையாக மாமாவின் தோளைத் தட்டினார். மாமாவுக்கு அந்தத் தட்டே தாங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே போனால் அருவி இருக்காது, சரிவு வேறு மாதிரி இருக்கும், மாமா பொய்யர் என்று ஆகிவிடும். தப்பு செய்தது நான், நாற்காலி அவருக்கு. எப்படியாவது இந்தப் பயணத்தை நிறுத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒரு பெரியவர் எழுதுவதுபோல. அந்தக் கரடி மிகவும் பொல்லாதது, போன மாதம் ஒருவரை இரண்டு மைல் துரத்தியது, உயிர்மேல் ஆசை இருந்தால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஒரு மணி நேரத்தில் மாமாவின் போன் அடித்தது. மேனேஜர் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. ஊர்க்காரரே எழுதிவிட்டாராம், கரடி உறுதியாகிவிட்டதாம். மூன்று பேராக வருவதாக இருந்தவர்கள் இப்போது ஆறு பேர். ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், வன இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி, அவரோடு வலை தூக்கிக்கொண்டு வர ஓர் ஆள்.

போனை வைத்துவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அங்க நிஜமாவே கரடி இருக்குடி," என்றார்.

இன்று மத்தியானத்திலிருந்து மாமா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். ஜுரம் என்கிறார். அம்மா மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். பாதரசம் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. சின்ன வயதில் பரீட்சைக்கு முந்தின நாளும் அவனுக்கு இதே ஜுரம்தான் வரும் என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

போர்வைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து மாமாவும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். நீ சொல்லு என்றார். நீங்க சொல்லுங்க என்றேன். ஒன்றுமில்லை என்றார். எனக்கும் ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் டிரைவர் அண்ணன் வந்தார். போன வாரம் மாமாவை ஏரிக்குக் கூட்டிப்போனவர், நாளைக்கும் அவர் வண்டிதான். கையில் மாமாவின் ட்ரைபாடு. மாமா அன்றைக்கே அதை வண்டி டிக்கியில் விட்டுவிட்டாராம். அம்மா அவரை உட்காரவைத்து, தம்பி எடுத்ததைப் பாருங்கள் என்று பெருமையாக வீடியோவைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனாள்.

அவர் முழுதாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கரடி வந்த இடத்தில் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, போன வாரம் பாதி வழியிலயே பாலம் ஒடஞ்சு போச்சு. மூணு நாளும் மழை, உங்க மாமா லாட்ஜ் ரூம்ல ஃபேனைப் பாத்துக்கிட்டுத்தான் படுத்துக் கெடந்தாரு, நாங்க ரெண்டு பேரும் அந்த ஏரிய கண்ணாலயே பாக்கல. நாளைக்கு இந்த ஆறு பேரையும் நான் எங்க கொண்டுபோய் எறக்கறது?"