ஒன்பதாம் நம்பர் செருப்பு

'இனி என் செருப்பில் என் காலைத் தவிர வேறு கால் நுழையக் கூடாது!'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவபாலன் இப்படி ஒரு சபதம் எடுத்தான். எடுத்த இடம், அவன் வீட்டு வாசல்படி. எடுத்த கோலம், வெறுங்கால்.

அவனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. காலையில் மாட்டுகிற சேஃப்டி ஷூவை வீடு திரும்பித்தான் கழற்ற முடியும். முனையில் இரும்பு, உள்ளே அடுப்பு. கழற்றினால் இரண்டு காலும் அவித்த பனங்கிழங்கு மாதிரி ஆவி பறக்க வெளியே வரும். அந்தக் காலை மெத்தென்று ஒரு செருப்பில் வைத்து, கடற்கரை வரைக்கும் காற்று வாங்க நடந்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மனுசன் பங்களாவா கேட்டான்?

ஆனால் வாசலில் செருப்பு இருந்தால்தானே! அது அவன் பெண்டாட்டி செல்லக்கிளி காலில் ஏறி மாவு மில்லுக்குப் போயிருக்கும். மீன்காரம்மா குரல் கேட்டாலும் அதுதான், குப்பை வண்டி வந்தாலும் அதுதான், எதிர்வீட்டில் சண்டை என்றாலும் அதுதான். அவளுடைய செருப்புகள் பீரோ மேலே அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கும், கல்யாண வீட்டுக்கு மட்டும் விழிக்கும். அவனுக்கும் ஏழாம் நம்பர், அவளுக்கும் ஏழாம் நம்பர். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் பதினொன்றாவதாக இதையும் பொருத்தித் தொலைத்திருந்தார். இரண்டு வருசத்தில் அவன் வாங்கிய மூன்று ஜோடியும் அவள் காலிலேயே தேய்ந்து செத்தன.

கழற்றிய ஷூவையே மறுபடி மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனான்.

கடைக்கார அண்ணாச்சி மெத்து ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பில் ஏழாம் நம்பரை எடுத்துப் போட்டார். சிவபாலன் காலை வைத்தான். ஆகா! பஞ்சுப் பொதியில் ஏறி நின்ற மாதிரி குதிகால் அப்படியே அமிழ்ந்தது. கண்ணை மூடினான். கடல்காற்றே அடித்தது.

"தம்பி, நின்னுக்கிட்டே தூங்கிராதிய. பில் போடட்டா?"

"இதுல ஒம்பது இருக்கா அண்ணாச்சி?"

"ஒம்பதா? ஏழே அளவெடுத்து அடிச்ச மாதிரில்லா இருக்கு! ஒம்பது யாருக்கு?"

"எனக்குத்தான்."

அண்ணாச்சி அவன் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "இந்த வயசுல இனிமே கால் வளராது தம்பி."

"வீட்டுல ஏழு வாசல்ல நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

அண்ணாச்சியும் கல்யாணம் ஆனவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒன்பதை எடுத்துக் கொடுத்தார். ஏழாம் நம்பர் திரும்பப் பெட்டிக்குள் போவதைச் சிவபாலன் பார்த்துக்கொண்டே நின்றான், பிரியமானவர்களை ரயிலேற்றி விடுகிறவன் மாதிரி.

வீட்டில் செல்லக்கிளி பெட்டியைத் திறந்த உடனே காலை விட்டாள். இரண்டு எட்டு வைத்தாள். செருப்பு பின்தங்கிவிட்டது, கால் மட்டும் முன்னே போனது.

"இது என்னத்தான், செருப்பா தோணியா? வெங்காயம் ஏத்தி மாலத்தீவுக்கு அனுப்பலாம் போல!"

சிவபாலனுக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அவன் காலும் அதில் நீச்சல்தான் அடித்தது. ஆனால் விரலை நண்டு மாதிரி மடக்கிப் பிடித்தால் கழலாமல் நடக்கலாம். கூடத்துக்குள்ளேயே நடந்து பழகினான். வெளியே போட்டு அழுக்காக்க மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் திறப்புவிழா!

"உங்களுக்கு ஏழுதான? பின்ன எதுக்கு ஒம்பது?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அது... அண்ணாச்சி பெட்டியை மாத்திக் குடுத்துட்டாரு போல. நானும் பாக்கல."

"நான் போட்டுரக் கூடாதுன்னு பெரிசா வாங்கிட்டு வரலியே?"

"சேச்சே! எந்தக் கிறுக்கன்ளா அப்படி வாங்குவான்?"

"அதான, எந்தக் கிறுக்கன் வாங்குவான்!" என்று சிரித்துக்கொண்டே அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். தோசை மட்டும்தான் திரும்பியது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை முழுக்க யார்டில் கால் இரும்புக்குள்ளே வெந்தது, மனசு அந்த மெத்துக்குள்ளே கிடந்தது. கிரேன் ஒரு பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தால்கூட, 'இப்படித்தானே என் குதிகாலும் இறங்கும்' என்று பெருமூச்சு வந்தது. இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் செருப்பைக் காணவில்லை.

"ஏளா!"

"இந்தா வந்துட்டேன் அத்தான்." தெருவிலிருந்து செல்லக்கிளி வந்தாள். நடக்கிற சத்தமே இல்லை. அவள் காலில் புத்தம்புது எம்.சி.ஆர். செருப்பு. ரோஸ் கலர். மேலே ஒரு பூ. ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் சுகமாக அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது. அதைப் பார்த்துச் சிவபாலன் எச்சில் விழுங்கினான்.

"என் செருப்பு எங்க?"

"இதுதான். பாவம், விரலை மடக்கி மடக்கி நடந்தியளே, அண்ணாச்சி செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் கஷ்டப்படணும்னு மாத்திட்டு வந்துட்டேன். 'நான் எங்க மாத்திக் குடுத்தேம்மா, அவருல்லா கேட்டு வாங்கினாரு'ன்னாரு அண்ணாச்சி. 'எந்தக் கிறுக்கன் அப்படிக் கேப்பான்'னு நானும் விடலியே!"

"சரி, ஏழு மாத்த வேண்டியதுதான?"

"ஆம்பளைச் செருப்புல ஏழு மத்தியானமே வித்துப் போச்சாம். லேடீஸ்ல ஏழு ஒண்ணே ஒண்ணு கிடந்துச்சு."

"அப்ப நாளைக்கு பீச்சுக்கு நான் எதைப் போட்டுட்டுப் போவேன்?"

செல்லக்கிளி செருப்பைக் கழற்றினாள். பூ அவன் பக்கம் பார்க்கிற மாதிரி ஜோடியாக வைத்தாள்.

"எனக்கு வேலை இல்லாத நேரமாப் பாத்து நீங்க போட்டுக்கிடுங்க அத்தான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."